ஏழு கோடுகளும் ஒரு வைரமும்

நுழையும்முன்

ஒரே வினாவுக்குப் பத்து ஆய்வுகள் பத்து விடைகளைத் தந்தால் எதனை ஏற்பது? அவ்விடைகளை முறைப்படித் திரட்டி, கணக்கியலின் துணைகொண்டு ஒரே விடையாக்கும் முறை தொகுப்பாய்வு எனப்படும். ஆங்கிலத்தில் மெட்டா அனாலிசிஸ் என வழங்கும் இம்முறை, மருத்துவத்திலும் கல்வியிலும் உளவியலிலும் இறுதித் தீர்ப்பைப்போல் மதிக்கப்படுகிறது. தீர்ப்பும் சில நேரங்களில் பிழைபடுவதுண்டு. அப்பிழை எங்கிருந்து வருகிறது, அதனை எவ்வாறு இனங்காண்பது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

இலச்சினையில் ஒரு வரலாறு

காக்ரேன் என்னும் பன்னாட்டு மருத்துவ ஆய்வமைப்பின் இலச்சினையை முதன்முறை காண்பவர், அதனை ஓர் அலங்கார வேலைப்பாடு என்றே எண்ணுவர். வட்டத்தின் நடுவே செங்குத்தாக ஒரு கோடு. அதனையொட்டி ஒன்றன்கீழ் ஒன்றாக ஏழு கிடைக்கோடுகள், சில நீண்டும் சில குறுகியும். அடியில் சிறியதொரு வைர வடிவம். அலங்காரம்போல் தோன்றும் அவ்வடிவம் உண்மையில் ஒரு புள்ளியியல் வரைபடம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் வாழ்வும் சாவும் அதில் பதிவாகியுள்ளன.

கருவிலிருக்கும் குழந்தையின் நுரையீரல் முழு வளர்ச்சி பெறுவதற்குள் பிரசவம் நேர்ந்தால், குழந்தை மூச்சுவிட இயலாமல் இறக்கும் இடர் மிகுதி. பிரசவத்திற்குச் சற்றுமுன் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் விரைந்து முதிர்ச்சியடையும் என்பதை நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரைச் சேர்ந்த லிக்கின்ஸ், ஹோவி என்னும் மருத்துவர் இருவர் கண்டனர். ஆட்டுக்குட்டிகளிடம் லிக்கின்ஸ் கண்டறிந்த ஓர் உண்மையே அதற்கு வித்திட்டது. 282 தாய்மாரிடம் செய்த ஆய்வின் முடிவை 1972ஆம் ஆண்டு அவர்கள் வெளியிட்டனர். அதன்பின் வேறு மருத்துவமனைகளிலும் இதே ஆய்வு மீண்டும் மீண்டும் செய்யப்பட்டது. சில ஆய்வுகள் பயனுண்டு என்றன. சில, உறுதியாகக் கூற இயலவில்லை என்றன. தனித்தனியே அவற்றைப் படித்த மருத்துவர்கள் ஐயத்திலேயே இருந்தனர். பெரும்பாலோர் அவ்வூசியைப் பயன்படுத்தவில்லை.

1989ஆம் ஆண்டளவில் அவ்வாய்வுகள் முறைப்படி ஒன்றுசேர்க்கப்பட்டபோது ஐயம் நீங்கியது. ஊசி பெற்ற தாய்மாரின் குழந்தைகள் இறக்கும் வாய்ப்பு 30 முதல் 50 விழுக்காடு வரை குறைந்திருந்தது. இலச்சினையிலுள்ள ஒவ்வொரு கிடைக்கோடும் ஓர் ஆய்வு. கோடு குறுகினால் அவ்வாய்வின் உறுதி மிகுதி, நீண்டால் குறைவு. செங்குத்துக்கோடு, மருந்தால் மாற்றமில்லை என்பதைக் குறிக்கும் எல்லை. அக்கோட்டைத் தொடும் ஆய்வு, பயனைத் தெளிவாகக் காட்டாத ஆய்வு. அடியிலுள்ள வைரமே அனைத்தையும் சேர்த்துப் பெற்ற விடை; அது எல்லைக்கோட்டைத் தொடாமல் விலகி நிற்கிறது. விடைக்குரிய தரவு பல ஆண்டுகளாகவே சிதறிக் கிடந்தது. கூட்டிப் பார்ப்பார்தாம் இல்லை. அத்தாமதத்தால் பல்லாயிரம் குழந்தைகள் இறந்திருக்கக்கூடும் என்று காக்ரேன் அமைப்பே தன் இலச்சினைக்கு விளக்கம் எழுதியது.

பானையும் பதமும்

பல ஆய்வுகளைச் சேர்த்து ஒரு விடை காணும் எண்ணம் புதியதன்று. இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பணியாற்றிய பிரித்தானியப் படைவீரர்களுக்குப் போடப்பட்ட டைபாய்டு தடுப்பூசி பயன் தந்ததா என்பதை அறிய, பல படைப்பிரிவுகளின் கணக்குகளை 1904ஆம் ஆண்டிலேயே கார்ல் பியர்சன் என்னும் புள்ளியியலாளர் திரட்டி ஆராய்ந்தார். அக்கணக்குகள் ஒன்றுக்கொன்று பெரிதும் முரண்பட்டதை அவர் கண்டார். அதனால் மனநிறைவு அடையவில்லை. மெட்டா அனாலிசிஸ் என்னும் பெயரை 1976ஆம் ஆண்டு வழங்கியவர் அமெரிக்கக் கல்வியாளர் ஜீன் கிளாஸ். உளவழிச் சிகிச்சை பயனுடையதா என்னும் நெடுநாள் வழக்கைத் தீர்ப்பதற்காக அவர் நூற்றுக்கணக்கான ஆய்வுகளைச் சேர்த்தார். அவ்வழக்கின் மறுபக்கத்தில் நின்ற உளவியலாளர் ஐசங்க், தரமற்ற ஆய்வுகளைக் குவித்துத் தரமான முடிவைப் பெறவியலாது என்று கடுமையாக எள்ளினார். தொகுப்பாய்வு பிறந்த வேளையிலேயே அதன்மீதான ஐயமும் பிறந்துவிட்டது எனலாம்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பழமொழி. புள்ளியியலின் மாதிரியெடுப்புக் கோட்பாடு முழுவதும் இவ்வொரு தொடரில் அடங்கியிருக்கிறது. ஆயினும் அப்பழமொழி சொல்லாமல் விட்ட நிபந்தனை ஒன்றுண்டு. பானை நன்கு கிளறப்பட்டிருக்க வேண்டும். அடியில் தீய்ந்தும் மேலே வேகாமலும் இருக்கும் பானையில் ஒரு சோறு மட்டுமன்று, மேற்பரப்பிலிருந்து எடுத்த நூறு சோறும் பொய்ப்பதமே காட்டும். தொகுப்பாய்வின் வலிமை, குறைபாடு ஆகிய இரண்டும் இங்கேயே தொடங்குகின்றன.

கூட்டும் முறையில் பெரிய மறைபொருள் ஏதுமில்லை. எல்லா ஆய்வுகளுக்கும் ஒரே மதிப்பளித்துச் சராசரி காண்பதில்லை. உறுதி மிக்க ஆய்வுக்கு மிகுந்த நிறையும், உறுதி குறைந்த ஆய்வுக்குக் குறைந்த நிறையும் அளித்து நிறையிட்ட சராசரி காணப்படுகிறது. கணிப்பொறியில் இதனைச் செய்ய ஓரிரு நொடிகள் போதும். இவ்வெளிமையே இடர். எந்த எண்களைக் கொடுத்தாலும் மென்பொருள் மறுப்பின்றி ஒரு வைரத்தை வரைந்து தந்துவிடும். அவ்வெண்கள் எங்கிருந்து வந்தன, எவை வராமல் நின்றுவிட்டன என்று அது கேட்பதில்லை.

மெக்னீசியத்தின் கதை

இதனை உணர்த்தும் நிகழ்வுகளுள் மருத்துவ உலகம் இன்றும் மறவாதது, மெக்னீசியத்தின் கதை.

மாரடைப்பால் மருத்துவமனைக்கு வருபவருக்கு மெக்னீசிய உப்பை நரம்பின்வழிச் செலுத்தினால் உயிர் பிழைக்கும் வாய்ப்புக் கூடுமா என்பது 1980களில் ஆராயப்பட்ட வினா. மெக்னீசியம் விலை மலிவானது, எங்கும் கிடைப்பது, செலுத்துவதும் எளிது. 1991ஆம் ஆண்டு, அதுவரை நடந்த ஏழு சிறிய ஆய்வுகளைச் சேர்த்த தொகுப்பாய்வொன்று வெளிவந்தது. அவ்வேழிலும் பங்கேற்றோர் மொத்தம் 1,301 பேர். மெக்னீசியம் பெற்ற 657 பேரில் 25 பேர் இறந்தனர்; பெறாத 644 பேரில் 53 பேர் இறந்தனர். இறப்பு வாய்ப்புப் பாதிக்கும் கீழே சரிந்ததாகக் கணக்குக் காட்டியது. அடுத்த ஆண்டில் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் 2,316 நோயாளிகளிடம் நடந்த ஆய்வும் இறப்பு 10.3 விழுக்காட்டிலிருந்து 7.8 விழுக்காடாகக் குறைந்ததெனக் கூறியது. 1993ஆம் ஆண்டு இதயவியல் இதழொன்றில் வெளிவந்த கட்டுரை, மெக்னீசியத்தைப் பயனுள்ளது, தீங்கற்றது, எளியது, மலிவானது எனத் தலைப்பிலேயே போற்றியது.

1995ஆம் ஆண்டு ஐசிஸ்-4 என்னும் பேராய்வின் முடிவு வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவமனைகளில் 58,050 நோயாளிகள் பங்கேற்ற அவ்வாய்வில், மெக்னீசியம் பெற்றோருள் 2,216 பேரும் பெறாதோருள் 2,103 பேரும் ஐந்து வாரங்களுக்குள் இறந்தனர். இரு பிரிவிலும் ஏறத்தாழச் சமமான எண்ணிக்கையினர் இருந்தனர். மெக்னீசியத்தால் பயனேதும் இல்லை. மருந்து பெற்றோர் பக்கமே இறப்புச் சற்று மிகுந்திருந்தது.

முந்தைய முடிவை நம்பியோர் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. பேராய்வில் மெக்னீசியம் காலந்தாழ்த்திச் செலுத்தப்பட்டது. இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து செயற்படுமுன் கொடுத்திருந்தால் பயன் தெரிந்திருக்கும் என வாதிட்டனர். அது நேர்மையான வாதமே. அதனைச் சோதிப்பதற்கென்றே 6,213 நோயாளிகளைக் கொண்டு மேஜிக் என்னும் மற்றோர் ஆய்வு நடத்தப்பட்டது. முப்பது நாள்களில் மெக்னீசியம் பெற்றோருள் 15.3 விழுக்காட்டினரும் பெறாதோருள் 15.2 விழுக்காட்டினரும் இறந்ததாக 2002ஆம் ஆண்டு அது அறிவித்தது. மெக்னீசியத்தின் கதை அத்துடன் முடிந்தது.

ஏழு ஆய்வுகள் ஒருசேரப் பொய்த்தது எங்ஙனம்? அவற்றின் எண்களை மீண்டும் நோக்கினால் முதல் விடை கிடைக்கும். பங்கேற்றோர் 1,301 பேராயினும் இறந்தோர் இரு பக்கமும் சேர்த்து 78 பேரே. உயிர் காக்கிறதா என்னும் வினாவுக்கு விடை தருவது இறப்புகளின் எண்ணிக்கையேயன்றி ஆய்வுகளின் எண்ணிக்கையன்று. பேராய்விலோ 4,319 இறப்புகள் பதிவாயின. ஏழு ஆய்வுகள் என்னும் பன்மை தரும் மயக்கத்தில், அவையனைத்தும் சேர்ந்தும் ஒரு நடுத்தர ஆய்வின் அளவைக்கூட எட்டவில்லை என்பது மறைந்துபோயிற்று. தொகுப்பாய்வொன்றைப் படிப்பவர் எத்தனை ஆய்வுகள் எனக் கேட்பதைவிட, எத்தனை நிகழ்வுகள் எனக் கேட்பதே பயன்தரும்.

வராத ஆய்வுகள்

இரண்டாம் விடை இன்னும் நுட்பமானது. 100 மாணவர் ஆளுக்கொரு நாணயத்தைப் பத்துமுறை சுண்டுவதாகக் கொள்வோம். நாணயத்தில் குறையேதும் இல்லை. எனினும் நிகழ்தகவின்படி அவர்களுள் ஐந்தாறு பேருக்கு எட்டு அல்லது அதற்கு மேற்பட்ட முறை தலை விழும். அந்த ஐந்தாறு பேர் மட்டும் தம் முடிவை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்ட, ஏனைய மாணவர் இதில் எழுத என்ன இருக்கிறது எனத் தாளைக் கசக்கி எறிந்துவிட்டால், பலகையைக் காண்பவர் நாணயம் தலைப்பக்கம் சாய்ந்தது என்று முடிவுசெய்வார். பலகையிலுள்ள ஒவ்வொரு தாளும் உண்மை. அவற்றைக் கூட்டிப் பெற்ற முடிவு பொய். ஆயிரம் முறை சுண்டுபவருக்கு 800 தலை விழுவது நடைமுறையில் நிகழாதது; ஆதலால் இத்தகைய மயக்கம் பெரும்பாலும் சிறிய ஆய்வுகளிலேயே தோன்றுகிறது.

பயனுண்டு என்னும் ஆய்வு இதழ்களில் எளிதில் இடம்பெறுவதும், பயனில்லை என்னும் ஆய்வு மேசையின் இழுப்பறைக்குள் உறங்குவதும் எல்லாத் துறைகளிலும் காணப்படும் வழக்கம். இதனை வெளியீட்டுச் சார்பு என்பர். இழுப்பறைச் சிக்கல் என்னும் பெயரை 1979ஆம் ஆண்டு இதற்குச் சூட்டியவர் உளவியலாளர் ராபர்ட் ரோசந்தால். பேராய்வு நடத்தியவர் முடிவு எதுவாயினும் வெளியிட்டே தீர்வார். அத்தனை பொருளும் உழைப்பும் அதில் அடங்கியிருக்கும். நாற்பது பேரைக் கொண்ட ஆய்வு ஓசையின்றி மறைந்துவிடும்.

இம்மறைவின் அளவு ஒருமுறை நேரடியாகவே அளக்கப்பட்டது. மனச்சோர்வுக்கான 12 மருந்துகளைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் பதிவாகியிருந்த 74 ஆய்வுகளின் நிலையை ஓர் ஆய்வுக்குழு ஒவ்வொன்றாகத் தேடி, 2008ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டது. அத்துறையின் கணிப்பில் 38 ஆய்வுகள் மருந்துக்குச் சாதகமானவை. அவற்றுள் ஒன்று நீங்கலாக எல்லாம் இதழ்களில் வந்திருந்தன. சாதகமற்ற அல்லது ஐயத்திற்குரிய 36 ஆய்வுகளில் 22 வெளிவரவேயில்லை. 11 ஆய்வுகள் சாதகமானவைபோல் எழுதப்பட்டிருந்தன. உள்ளது உள்ளபடி வெளிவந்தவை மூன்றே. இதழ்களை மட்டும் படித்த மருத்துவருக்கு 51 ஆய்வுகளில் 48 சாதகமானவையாகத் தோன்றின. பதிவேட்டைப் பார்த்தவருக்கோ ஏறத்தாழப் பாதிதான். அம்மருந்துகள் பயனற்றவை என்பது இதன் பொருளன்று; அவற்றின் பயன் உள்ளதைவிடப் பெரிதாகக் காட்டப்பட்டது என்பதே அக்குழு கண்டது.

வராத ஆய்வுகள் விட்டுச்சென்ற வெற்றிடத்தைக் கண்ணால் காண ஒரு வழியுண்டு. ஒவ்வோர் ஆய்வையும் ஒரு புள்ளியாகக் கொண்டு, அது காட்டும் பயனைக் கிடையச்சிலும் அதன் உறுதியைச் செங்குத்தச்சிலும் குறித்தால், உறுதி மிக்க பேராய்வுகள் மேலே நெருங்கியும் சிற்றாய்வுகள் கீழே இருபுறமும் பரந்தும் அமையும். கவிழ்த்துவைத்த புனல்போல் தோன்றுவதால் அது புனல் வரைபடம் எனப்படுகிறது. புனலின் அடியில் ஒரு பக்கம் மட்டும் வெறுமையாக இருந்தால், அப்பக்கத்துச் சிற்றாய்வுகள் வெளிவராமல் போயிருக்கலாம். மெக்னீசிய ஆய்வுகளுக்கு இவ்வரைபடத்தை வரைந்து பார்த்த எக்கர், டேவி ஸ்மித் ஆகியோர் புனல் ஒருபக்கம் சாய்ந்திருப்பதைக் காட்டினர். அச்சாய்வை அளக்கும் கணிதச் சோதனையொன்றையும் 1997ஆம் ஆண்டு தம் குழுவினருடன் வெளியிட்டனர். ஆயினும் புனல் சாய்ந்திருப்பதற்கு வெளியீட்டுச் சார்பு மட்டுமே காரணமாக இருக்க வேண்டுவதில்லை. சிற்றாய்வுகளில் நோய் முற்றியவர்கள் மிகுதியாக இருந்தாலும், அவை கவனக்குறைவாக நடத்தப்பட்டிருந்தாலும் இதே சாய்வு தோன்றும். பத்துக்கும் குறைந்த ஆய்வுகளே இருப்பின் புனலை நம்பி எதுவும் கூறாமலிருப்பதே நன்று.

தெரிந்து தெளிவோம்

மருந்தாய்வுகள் தொடங்குமுன்பே அவற்றைப் பதிவுசெய்யும் முறை, இழுப்பறைச் சிக்கலுக்குக் காணப்பட்ட தீர்வுகளுள் ஒன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007ஆம் ஆண்டு இந்திய மருந்தாய்வுப் பதிவேட்டைத் தொடங்கியது. 2009ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் நடைபெறும் மருந்தாய்வுகளை அதில் பதிவது கட்டாயமாக்கப்பட்டது. தொடங்கிய ஆய்வு எது, முடிவு வெளிவராத ஆய்வு எது என்பதை இப்பதிவேட்டில் எவரும் தேடிக் காணலாம்.

டாமிஃப்ளூ ஆவணங்கள்

வெளிவராத ஆய்வுகளைத் தேடிப் பெறுவது எத்துணைக் கடினம் என்பதற்கு டாமிஃப்ளூ என்னும் ஃப்ளூ காய்ச்சல் மருந்தின் வரலாறு சான்று. பெருந்தொற்று அச்சத்தால் பல அரசுகள் இம்மருந்தைப் பெருஞ்செலவில் வாங்கிக் குவித்தன. மருத்துவமனைச் சேர்க்கையையும் நுரையீரல் தொற்று போன்ற பின்விளைவுகளையும் இது குறைக்கும் என்பதே அதற்குக் காரணம். அந்நம்பிக்கைக்கு அடிப்படையாக இருந்தது 2003ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு. அதில் சேர்க்கப்பட்ட பத்து ஆய்வுகளும் மருந்து நிறுவனத்தின் ஆதரவில் நடந்தவை. அவற்றுள் முழுமையாக இதழ்களில் வெளிவந்தவை இரண்டே. 2009ஆம் ஆண்டு ஜப்பானியக் குழந்தைநல மருத்துவர் ஒருவர் இதனைச் சுட்டி, வெளிவராத எட்டு ஆய்வுகளைப் பார்க்காமல் இம்முடிவை எவ்வாறு ஏற்றீர்கள் எனக் காக்ரேன் அமைப்பிடம் வினவினார். மதிப்பாய்வாளர்களிடம் விடையில்லை. அவ்வாய்வுகளின் முழு ஆவணங்களைப் பெறுவதற்கு அவர்களுக்குப் பல ஆண்டுகள் ஆயின. இலட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்களைப் படித்து 2014ஆம் ஆண்டு அவர்கள் அறிவித்த முடிவு இதுதான்: பெரியவர்களுக்குக் காய்ச்சலின் அறிகுறிகள் நீங்கும் காலம் 7 நாள்களிலிருந்து 6.3 நாள்களாகக் குறைகிறது. மருத்துவமனைச் சேர்க்கை குறைவதற்குச் சான்றில்லை. குமட்டலும் வாந்தியும் மிகுகின்றன. பின்னர் வேறு குழுவினர் செய்த தொகுப்பாய்வு, மருந்துக்குச் சற்றே சாதகமான முடிவையும் தந்தது. இவ்வழக்கு முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. ஆயினும் ஒரு மருத்துவரின் ஒற்றை வினா இத்தனை ஆவணங்களை வெளிக்கொணர்ந்தது.

சேரக்கூடாதவை சேரும்போது

வந்த ஆய்வுகளே பொய்யானவையாக இருந்தால் தொகுப்பாய்வு அப்பொய்யையும் கூட்டிக்கொள்ளும். கொரோனாக் காலத்தில் ஐவர்மெக்டின் என்னும் குடற்புழு மருந்து கொரோனாவைக் குணப்படுத்தும் என்ற நம்பிக்கை இந்தியா உள்ளிட்ட பல நாடுகளில் பரவியது. இம்மருந்து இறப்பைப் பெரிதும் குறைக்கிறது எனக் காட்டிய தொகுப்பாய்வுகளில் எகிப்திலிருந்து வந்த ஓர் ஆய்வு மிகுந்த நிறை பெற்றிருந்தது. 2021ஆம் ஆண்டு இலண்டனில் பயின்ற மருத்துவ மாணவர் ஒருவர் பாடப்பணிக்காக அவ்வாய்வைப் படிக்க நேர்ந்தது. அதன் முன்னுரையில் பிறர் எழுத்து அப்படியே எடுத்தாளப்பட்டிருப்பதைக் கண்டு ஐயுற்ற அவர், தரவுகளையும் நோக்கினார். ஆய்வு தொடங்குமுன்பே இறந்தவர்களும் அதில் நோயாளிகளாக இடம்பெற்றிருந்தனர். ஒரே விவரங்கள் வெவ்வேறு நோயாளிகளின் பெயரில் திரும்பத் திரும்ப வந்தன. அவ்வாய்வு திரும்பப் பெறப்பட்டது. அதனையும் ஐயத்திற்குரிய பிற ஆய்வுகளையும் நீக்கிக் கணக்கிட்டபோது, தொகுப்பாய்வு காட்டிய உயிர்காக்கும் பயனும் மறைந்தது. பேராசிரியர் பலர் கூட்டிய எண்ணை ஒரு மாணவர் கலைத்தார். அதற்கு அவர் உயர்கணிதம் எதையும் கையாளவில்லை. மூல ஆய்வை எடுத்துப் படித்தார், அவ்வளவே.

ஓர் ஆய்வை நீக்கினால் முடிவு தலைகீழாகும் எனில், அம்முடிவு உண்மையில் அவ்வோர் ஆய்வின் முடிவே. ஆதலால் நல்ல தொகுப்பாய்வாளர் ஒவ்வோர் ஆய்வாக நீக்கி, மீண்டும் மீண்டும் கணக்கிட்டுக் காட்டுவர். தரம் குன்றியவற்றை விலக்கியும் காட்டுவர். ஒவ்வோர் ஆய்விலும் பங்கேற்றோர் சமவாய்ப்பு முறையில் பிரிக்கப்பட்டனரா, மருந்து பெற்றவர் யார் என்பது மருத்துவருக்கும் நோயாளிக்கும் மறைக்கப்பட்டதா, இடையில் விலகியோர் எத்தனை பேர் என்பனவற்றை மதிப்பிட்டு அட்டவணையிடுவர். அவ்வட்டவணை இல்லாத தொகுப்பாய்வைப் படிக்கும்போது எச்சரிக்கை தேவை.

உண்மையான ஆய்வுகளும் ஒன்றோடொன்று சேரத் தகுதியற்றவையாக இருக்கலாம். மாங்காயையும் தேங்காயையும் கூட்டினால் எத்தனை காய் எனக் கூறலாம். புளிப்பு எவ்வளவு எனக் கூறவியலாது. தம்மீது இக்குற்றச்சாட்டு எழுந்தபோது, பழங்களைப் பற்றி அறிய வேண்டுமெனில் பலவகைப் பழங்களையும் கூட்டித்தானே ஆகவேண்டும் எனக் கிளாஸ் மறுமொழி கூறினார். வினா எத்துணை விரிந்தது என்பதைப் பொறுத்தே கூட்டலின் தகுதி அமைகிறது என்பது அதன் கருத்து. ஆய்வுகளுக்கிடையே காணப்படும் வேறுபாட்டில் எவ்வளவு தற்செயலால் விளைந்ததன்று என்பதை 0 முதல் 100 விழுக்காடு வரை மதிப்பிடும் ஐ-வர்க்கம் என்னும் அளவை இன்று பெரும்பாலான தொகுப்பாய்வுகளில் இடம்பெறுகிறது. அது 80 அல்லது 90 விழுக்காடு என இருக்கும்போது, நடுவிலுள்ள சராசரியைவிட ஆய்வுகள் ஏன் வேறுபடுகின்றன என்னும் வினாவே பொருளுடையது. ஓர் ஊரில் வெள்ளமும் அடுத்த ஊரில் வறட்சியும் இருக்க, சராசரி மழை போதுமானது என அறிக்கை எழுதுவதில் எவருக்கும் பயனில்லை.

தொகுப்பவரின் கையிலும் சார்பு உண்டு. எந்த ஆய்வைச் சேர்ப்பது, எதனை விலக்குவது என்பதை முடிவைப் பார்த்தபின் தீர்மானித்தால், விரும்பிய வைரத்தை வரைந்துகொள்ளலாம். இதனைத் தடுக்கவே, தொகுப்பாய்வின் திட்டத்தை முன்கூட்டியே பொதுவில் பதிவுசெய்யும் வழக்கம் வந்தது. பிராஸ்பெரோ என்னும் பன்னாட்டுப் பதிவேடு 2011ஆம் ஆண்டு இதற்கெனத் தொடங்கப்பட்டது. எத்தரவுத்தளங்களில், எச்சொற்களைக் கொண்டு தேடப்பட்டது, எத்தனை கட்டுரைகள் கிடைத்தன, எவை எக்காரணத்தால் நீக்கப்பட்டன என்பனவற்றை எல்லாம் அறிக்கையில் எழுதவேண்டும் எனப் பிரிஸ்மா என்னும் நெறிமுறை வலியுறுத்துகிறது. நெறிமுறையைப் பின்பற்றியதாகக் கட்டுரையில் ஒரு வரி எழுதுவது எளிது. பதிவேட்டிலுள்ள திட்டத்தையும் வெளிவந்த கட்டுரையையும் அருகருகே வைத்துப் பார்ப்போர் சிலரே.

மீண்டும் அதே ஊசி

குறையேதும் இல்லாத தொகுப்பாய்வின் முடிவும் எங்கும் பொருந்திவிடுவதில்லை. இலச்சினையில் இடம்பெற்ற அதே ஸ்டீராய்டு ஊசியைக் கொண்டே இது தெரியவந்தது. தொடக்கத்தில் கூட்டப்பட்ட ஆய்வுகள் பெரும்பாலும் வசதி மிக்க நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்தவை. அவ்வூசியைச் சிற்றூர்கள்வரை கொண்டுசென்றால் எண்ணற்ற குழந்தைகளைக் காக்கலாம் என்னும் நல்லெண்ணத்துடன், இந்தியாவின் பெலகாவி, நாக்பூர் பகுதிகள் உட்பட ஆறு நாடுகளில் ஏறத்தாழ ஓர் இலட்சம் பிறப்புகளை உள்ளடக்கிய பெரிய ஆய்வொன்று நடத்தப்பட்டது. அதன் முடிவு 2015ஆம் ஆண்டு வெளிவந்தபோது பலரும் திகைத்தனர். மிகச் சிறிய குழந்தைகளின் இறப்புக் குறையவில்லை. அனைத்துக் குழந்தைகளையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஊசித் திட்டம் நடைமுறையிலிருந்த பகுதிகளில் இறப்புச் சற்றுக் கூடியிருந்தது. கருவின் வயதைத் துல்லியமாக அறிய வழியில்லாத இடங்களில் ஊசி பெற்ற தாய்மாருள் பெரும்பாலோர் குறைமாதப் பிரசவத்திற்கு உரியவராக இருக்கவில்லை. தாய்மாரிடையே நோய்த்தொற்று ஐயப்பாடும் மிகுந்திருந்தது.

அப்படியாயின் ஏழு கோடுகள் பொய்யா? உலக நலவாழ்வு அமைப்பு இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஆகிய ஐந்து நாடுகளில் 2,852 தாய்மாரைக் கொண்டு மீண்டும் ஆராய்ந்தது. இம்முறை, கருவின் வயதைத் துல்லியமாகக் கணிக்கவும் பிறந்த குழந்தையைப் பேணவும் வசதியுள்ள மருத்துவமனைகளிலேயே ஆய்வு நடந்தது. ஊசி பெறாத தாய்மாரின் குழந்தைகளில் 23.5 விழுக்காடும், பெற்ற தாய்மாரின் குழந்தைகளில் 19.6 விழுக்காடும் இறந்தன. பயன் தெளிவானதால் ஆய்வு குறித்த காலத்திற்கு முன்பே நிறுத்தப்பட்டு, 2020ஆம் ஆண்டு முடிவு வெளியிடப்பட்டது. ஏழு கோடுகள் பொய்யல்ல. அவை எத்தகைய மருத்துவமனைகளில் வரையப்பட்டவை என்பது இலச்சினையில் இடம்பெறவில்லை. உலக நலவாழ்வு அமைப்பின் வழிகாட்டுதல் இன்று இவ்வூசியைப் பரிந்துரைக்கிறது. கருவின் வயது உறுதியாகத் தெரிந்திருத்தல், தாய்க்கு நோய்த்தொற்று இல்லாமை, பாதுகாப்பான பிரசவ வசதி, குறைமாதக் குழந்தையைப் பேணும் வசதி ஆகிய நிபந்தனைகளையும் அப்பரிந்துரையோடு சேர்த்தே எழுதியிருக்கிறது.